துரோகி என்று எழுதுமுன் ஒரு வினைச்சொல்

மட்டக்களப்பில் தேர்தல் என்று அறிவித்தால் போதும், சுவரொட்டி ஒட்டுகிறவர்களுக்கு முன்னமே முத்திரை குத்துகிறவர்கள் வேலையைத் தொடங்கிவிடுவார்கள். துரோகி, புலி, ஒட்டுக்குழு, பிரதேசவாதி, இனவாதி, அடிப்படைவாதி, கைக்கூலி. ஒரு காலத்தில் இதெல்லாம் தேத்தண்ணிக் கடைப் பேச்சு. பிளேன்டீ குடித்து முடியும்போது கோபமும் முடிந்துவிடும். திட்டினவனே திட்டு வாங்கினவனைச் சைக்கிளில் ஏற்றிப் போய் வீட்டில் விடுவான். இப்போது சொன்னது எழுத்தாக நிற்கிறது. ஒருவர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிட்டால், எழுதியவர் அழித்தாலும் அது அழிவதில்லை.

நான் தமிழ் ஆசிரியை. வீடு கல்லடியில், பள்ளிக்கூடம் படுவான்கரையில். வந்தாறுமூலையில் ஒன்றாகப் படித்தவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். கல்யாண அறிவித்தலும் மரண அறிவித்தலும் போடத்தான் தொடங்கினோம், அட்மின் வேலை என் தலையில் விழுந்தது. காத்தான்குடி, ஏறாவூர், செங்கலடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று எல்லா ஊர்க்காரரும் இருக்கிறார்கள். சுவிஸ், கனடா, கட்டார் போனவர்களும் இருக்கிறார்கள். ஆகவே கிழக்கில் என்ன சண்டை நடந்தாலும் அதன் ஒரு பிரதி எங்கள் குழுவிலும் நடக்கும்.

முதலில் எல்லாரும் சொல்கிற யோசனையைத்தான் குழுவும் எடுத்தது. இன்ன இன்ன சொற்கள் வேண்டாம், போட்டால் அழிப்போம். என்ன நடந்தது தெரியுமா? 'து' என்று ஒற்றை எழுத்தை மட்டும் போட்டார்கள். புலிக்குப் பதில் பூனைப் படம் வந்தது. களுவாஞ்சிகுடிக்காரர் ஒருவர் கைக்கூலி என்று எழுத முடியாததால் கையையும் காசையும் அடுத்தடுத்துப் போட்டார். சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் நியாயமான இடத்தில் 'இது இனவாதம்' என்று சொல்ல நினைத்தவருடைய வாயும் அந்தத் தடையால் அடைபட்டது. இனவாதத்தை இனவாதம் என்று சொல்ல முடியாத இடத்தில் இனவாதி நிம்மதியாக உட்கார்ந்திருப்பான். தடையை எடுத்துவிட்டோம்.

வெளியூர்க்காரருக்கு இது சொல்விளையாட்டாகத் தெரியலாம். எங்களுக்கு அப்படியில்லை. யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பாவை மேடை மேடையாகத் துரோகி என்று பேசினார்கள். 1975 ஜூலை 27 அன்று கோயிலுக்குப் போனவரைச் சுட்டார்கள். அரசியல் தீர்வு யோசனையில் பங்கெடுத்த நீலன் திருச்செல்வத்துக்கும் அதே முத்திரை. 1999 ஜூலையில் கொழும்பில் தற்கொலைக் குண்டுதாரி ஒருவரை அனுப்பிக் கொன்றார்கள். மறுபக்கம் பாருங்கள். புலிக்காக எழுதுகிறவர் என்று பேசப்பட்ட ஐயாத்துரை நடேசன் 2004 மே 31 அன்று இதே மட்டக்களப்பு நகரத்தில் சுடப்பட்டார். எங்கள் ஊரில் பிறந்த பத்திரிகையாளர் சிவராம் 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். அந்த வருட நத்தார் நள்ளிரவுப் பூசையில், மரியாள் பேராலயத்துக்குள், பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுடப்பட்டார். இரண்டு வகை முத்திரையும் இங்கே ஆள் விழுத்தியிருக்கிறது. சுவிஸில் இருந்து ஒருவர் "ஒரு வார்த்தைதானே, ஏன் துள்ளுறீங்க" என்று கேட்டபோது இந்தப் பெயர்களைத்தான் எழுதினேன். பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

சரி, தடையும் இல்லை, தாராளமும் இல்லை என்றால் என்ன செய்வது? எனக்கு வழி வகுப்பறையில்தான் கிடைத்தது. க.பொ.த. சாதாரண தரப் பிள்ளைகளுக்கு வினையாலணையும் பெயர் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அது காலம் காட்டும் பெயர். 'காட்டிக்கொடுத்தவர்' என்றால் நடந்துவிட்ட ஒரு செயல் அதற்குள் இருக்கிறது. யாரை, எப்போது, யாரிடம் என்று கேட்கலாம். பதில் இல்லாவிட்டால் அந்தச் சொல் நிற்காது. 'துரோகி' என்பதற்குக் காலமும் இல்லை, செயப்படுபொருளும் இல்லை. ஒருவன் பிறந்ததில் இருந்து சாகும்வரை அதுவாகவே இருப்பான் போல. அன்றைக்கு இரவே குழுவில் எழுதினேன்: யாருக்கு எந்த முத்திரை வேண்டுமானாலும் குத்துங்கள், ஆனால் அதற்குள் இருக்கிற வினையை ஒரு வரியில் எழுதிவிட்டுக் குத்துங்கள். என்ன செய்தார், எப்போது செய்தார், எதை வைத்துச் சொல்கிறீர்கள்.

வினையை எழுதச் சொன்னால் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். கோபத்தில் இருக்கிறவருக்குப் பெயர் உடனே வரும், வினை வராது. மற்றப் பாதிப் பேர் எழுதுகிறார்கள், எழுதினதும் சண்டை தரமாகிவிடுகிறது. ஏனென்றால் 'நீ துரோகி' என்பதற்கு 'நீதான் துரோகி' என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. 'நீ போன வருடம் இன்ன மசோதாவை ஆதரித்து எழுதினாய்' என்பதற்கு 'ஓம், எழுதினேன், ஏனென்றால்' என்று தொடங்கலாம்.

இந்த விதி உண்மையில் சோதனைக்கு வந்தது பிரதேசவாதம் என்ற சொல்லில். வடக்கில் இருக்கிறவர்களுக்கு அது எவ்வளவு சூடான சொல் என்று தெரியுமோ தெரியாது, எங்களுக்குத் தெரியும். 2004 மார்ச்சில் புலிகள் இயக்கம் இரண்டாக உடைந்தபோது, கிழக்குப் போராளிகள் சாகிறார்கள், பொறுப்புகள் வடக்குக்குப் போகின்றன என்பதுதான் பிரிந்தவர்கள் சொன்ன காரணம். ஏப்ரலில் வெருகலில் நேற்றுவரை ஒன்றாக இருந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். அன்றில் இருந்து 'கிழக்கு' என்று தனியாக வாய் திறந்தாலே சிலருக்கு வெருகல்தான் ஞாபகம் வருகிறது. அதையும் குறை சொல்ல முடியாது.

செங்கலடி நண்பர் ஒரு நாள் நீளமாக எழுதினார். மட்டக்களப்புக்கு யார் வேட்பாளர் என்பதை ஏன் யாழ்ப்பாணத்தில் இருந்து முடிவெடுக்க வேண்டும், கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் பக்கத்துப் பக்கத்து வளவில் இருக்கிறோம், எங்கள் கணக்கு வேறு, அதை இங்கே இருக்கிறவர்கள்தான் போட வேண்டும் என்று. கடைசியில் ஒரு வரி: யாழ்ப்பாணத்தான் எவனையும் நம்பக்கூடாது. ஐந்து நிமிஷத்தில் சுவிஸில் இருந்து பதில் வந்தது: "பிரதேசவாதி. வேற என்னத்த எதிர்பார்க்கிறது."

செங்கலடி நண்பருடைய பதிவை அப்படியே எடுத்து வரி வரியாகப் பிரித்துத் திரும்பப் போட்டேன். முடிவு இங்கே எடுக்கப்பட வேண்டும் என்பது பிரதேசவாதமா? அதை அதிகாரப் பரவலாக்கல் என்றுதானே கொழும்பிடம் நாங்கள் எல்லாரும் சேர்ந்து கேட்கிறோம். கொழும்பிடம் கேட்டால் உரிமை, யாழ்ப்பாணத்திடம் கேட்டால் பிரதேசவாதம் என்றால் அளவுகோல் இரண்டாகிவிட்டது. ஆனால் அந்தக் கடைசி வரி? அது சுத்தமான பிரதேசவாதம். அங்கே பிறந்தவன் என்பதற்காகவே ஒருவனை நம்பாதே என்கிறது. ஆக, பதிவில் ஒரு வரி பிரதேசவாதம். எழுதினவர் பிரதேசவாதி என்பதற்கு அது போதாது.

செங்கலடிக்காரர் எழுதினார்: "டீச்சர் கொப்பி திருத்துற மாதிரி சிவப்புக் கோடு போட்டிருக்கிறா. ஓம், அந்த வரி கூடிப்போச்சுது. எடுத்திர்றன். ஆனா மத்த எல்லாத்துக்கும் அண்ணன் பதில் சொல்லோணும்." சுவிஸ் அண்ணன் இரண்டு நாள் பேசவில்லை. மறுகா வந்து பதில் சொன்னார், பிரிந்து நின்றால் பேரம் பேசும் பலம் போய்விடும் என்று. அது நல்ல வாதம். முத்திரைக்குப் பின்னால் அவ்வளவு நாளும் அது ஒளிந்துகொண்டிருந்திருக்கிறது.

ஒட்டுக்குழு என்ற சொல்லும் இப்படித்தான் வளர்ந்துகொண்டே போகும். ஆயுதத்தோடு இராணுவத்துக்குப் பக்கத்தில் நின்று ஆட்களைக் கடத்தின ஒரு குழுவுக்கு அந்தப் பெயர் பொருந்தும், செய்தது அது. அதே குழு பிறகு கட்சியாகப் பதிந்து தேர்தலில் நிற்கிறபோது அந்தக் கட்சியைப் பழைய செயல்களுக்காகக் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அதோடு நிற்க வேண்டும். கிராமத்து வீதிக்குக் கொங்கிரீட் போட்டுத் தந்தார்கள் என்று வாக்களித்த தாய் ஒருவரை, என்னிடம் படிக்கிற பிள்ளையின் தாய், சொந்தக்காரர் ஒருவரே பேஸ்புக்கில் 'ஒட்டுக்குழுக்காரி' என்று எழுதியிருந்தார். மாரி காலத்தில் அந்த வழியால் பள்ளிக்கூடம் போயிருந்தால் அவர் அப்படி எழுதியிருக்க மாட்டார். குழு, கட்சி, வாக்காளர் மூன்றும் மூன்று. ஒன்றின் பாவத்தை மற்றதற்கு எழுதக்கூடாது.

ஆகஸ்ட் வந்தால் குழு வேறு மாதிரிச் சூடாகும், படுகொலை நாட்கள் வரிசையாக வரும். 1990 ஆகஸ்ட் 3 காத்தான்குடி, 12 ஏறாவூர், அதே 12 வீரமுனை, செப்டம்பர் 9 சத்துருக்கொண்டான். ஒவ்வொரு திகதிக்கும் ஒரு பக்கம் படம் போடும், மற்றப் பக்கம் வேறு திகதியின் படம் போடும். 'தமிழர் கொன்றார்கள்', 'சோனகர் (முஸ்லிம்கள்) கொன்றார்கள்'. இங்கே எனக்கு வினையைவிட எழுவாய்தான் முக்கியமாகப் பட்டது. காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களைச் சுட்டது புலிகள். வீரமுனைக் கோயிலில் அகதியாக இருந்தவர்களைத் தாக்கியது ஊர்காவல் படையினர். சத்துருக்கொண்டானில் குழந்தைகள் உட்பட 180க்கு மேற்பட்டவர்களைக் கொன்றது இராணுவம். எழுவாயைச் சரியாகப் போட்டால் குற்றம் குறைவதில்லை. குற்றவாளி கூட்டத்துக்குள் ஒளிய முடியாமல் போகிறது, அவ்வளவுதான்.

கனடா நண்பர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. "புலிகள் எண்டு எழுதினா போராட்டத்தக் கொச்சப்படுத்துற மாதிரி" என்றார். அதற்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காத்தான்குடி நண்பர் எழுதினார்: "எங்கட சாச்சா பள்ளிக்குள்ள சுடுபட்டவர். வீட்டில நாங்க ஒருநாளும் தமிழாக்கள் சுட்டாங்க எண்டு சொன்னதில்ல, புலி எண்டுதான் சொல்றது. அது உங்களுக்காகச் செய்ற மரியாத. அதையும் வேணாம் எண்டா வேற எப்பிடிச் சொல்றது?" அவர் அந்தக் குடும்பத்தில் இருந்துகொண்டு காட்டின கவனம் ரொறன்ரோவில் இருந்துகொண்டு காட்ட முடியாததா என்று எனக்கு இன்றைக்கும் ஒரு எரிச்சல் உண்டு.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அதே காத்தான்குடி நண்பருக்கு வேறு வகைச் சோதனை. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்த பிள்ளைகளின் படங்களோடு 'காத்தான்குடி அடிப்படைவாதிகள்' என்று ஒரு பதிவு வந்தது. குண்டுதாரிகளின் தலைவன் காத்தான்குடிக்காரன் என்பது உண்மை. ஆனால் 2017 மார்ச்சில் அவனுடைய ஆட்கள் வாளோடு தாக்கியது காத்தான்குடி சூஃபிகளை. அதற்குப் பிறகு அவன் ஊரைவிட்டு ஓடி ஒளிந்திருந்தவன். தேவாலயம் வெடித்த அதே வாரம், ஏப்ரல் 26, சாய்ந்தமருதில் சந்தேகத்துக்குரிய ஆட்கள் வீடெடுத்திருக்கிறார்கள் என்று தகவல் கொடுத்தது அந்த ஊர் முஸ்லிம்கள். ஊர்ப் பெயரையே முத்திரையாக்கினால், முதலில் எதிர்த்தவனும் முதலில் அடி வாங்கினவனும் அந்த முத்திரைக்குள் வந்துவிடுகிறான். தொப்பி போட்டவர், தாடி வைத்தவர், தௌஹீத் பள்ளிக்குப் போகிறவர், குண்டு கட்டினவர் எல்லாருக்கும் ஒரே சொல் என்றால் அந்தச் சொல் எதையும் பிரித்துக் காட்டவில்லை. பயந்திருக்கிற நேரத்தில்தான் பிரித்துக் காட்டுகிற சொல் அதிகம் தேவை.

இனி, இனப்படுகொலை. இந்தச் சொல்லைப் பாவிக்கக்கூடாது என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது வசைச்சொல் அல்ல; 1948 ஐ.நா. சமவாயத்தில் வரைவிலக்கணம் இருக்கிற சொல். ஓர் இனத்தையோ மதக் குழுவையோ முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் என்பது அதன் மையம். வட மாகாண சபை 2015 பெப்ரவரியில் அந்தச் சொல்லோடு தீர்மானம் நிறைவேற்றியது. ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் போர்க்குற்றம், மானுடத்துக்கு எதிரான குற்றம் என்ற சொற்களைப் பாவித்தது. எங்கள் குழுவில் நான் கேட்பதெல்லாம், சட்ட அர்த்தத்தில் சொல்கிறீர்களா, அரசியல் கோரிக்கையாகச் சொல்கிறீர்களா என்று சொல்லிவிட்டுச் சொல்லுங்கள் என்பதுதான். சட்ட அர்த்தம் என்றால் நோக்கத்தை எதை வைத்துக் காட்டுகிறீர்கள் என்று மற்றவர் கேட்கலாம். அப்படிக் கேட்பதற்காக அவரைச் சிங்களக் கைக்கூலி என்று சொல்லக்கூடாது. 1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டதை இனச்சுத்திகரிப்பு என்று அக்கரைப்பற்று நண்பர் சொல்லும்போது, முள்ளிவாய்க்காலுக்குப் பெரிய சொல் கேட்கிறவர் இதற்கு மட்டும் 'துன்பியல் சம்பவம்' என்று சின்னச் சொல் தேடினால், அங்கே அவர் தோற்றுவிட்டார் என்று எனக்குத் தோன்றும்.

இடதுசாரி, வலதுசாரி, பாசிஸ்ட் போன்றவை எங்கள் பக்கம் அவ்வளவாக வேலை செய்வதில்லை. தெற்கின் ஜேவிபி (மக்கள் விடுதலை முன்னணி) இடதுசாரியா, இனவாதியா என்று ஒரு முறை பெரிய வாக்குவாதம். வடக்கு, கிழக்கு மாகாணங்களின் இணைப்புக்கு எதிராக உயர் நீதிமன்றம் போனது அவர்கள்தான், 2006 ஒக்டோபரில் தீர்ப்பும் வந்தது என்று கல்முனைத் தமிழ் நண்பர் ஆதாரம் வைத்தார். நல்ல வினை, நல்ல காலம். ஆனால் அந்தப் பிரிப்பை விரும்பின முஸ்லிம்களும் தமிழரும் அதே குழுவில் இருந்தார்கள். அவர்களும் இனவாதிகளா என்று ஏறாவூர்க்காரர் கேட்டதும், பேச்சு முத்திரையை விட்டு இணைப்பு யாருக்கு என்ன பயத்தைக் கொடுத்தது என்ற இடத்துக்கு வந்தது. அது வர வேண்டிய இடம்.

2020 தேர்தலில் மட்டக்களப்பு அரசாங்கத்தோடு நின்ற இரண்டு தமிழர்களைப் பாராளுமன்றம் அனுப்பியபோது 'கிழக்கு விலைபோய்விட்டது' என்று வடக்கில் இருந்து எழுதினார்கள். 2024 நவம்பரில் ஜேவிபி தலைமையிலான தேசிய மக்கள் சக்தி 22 மாவட்டங்களில் 21ஐ வென்றது, யாழ்ப்பாணம் உட்பட. தப்பினது மட்டக்களப்பு மட்டும். இங்கே தமிழரசுக் கட்சி. செங்கலடிக்காரருக்கு விடுவாரா? "இப்ப ஆரு மச்சான் துரோகி?" என்று காலையிலேயே போட்டார். நானும் சிரித்தேன், மறைக்கவில்லை. ஆனாலும் ஒரு மாவட்டம் துரோகியாக முடியாது என்று எழுதி வைத்தேன். 2020க்கும் அதேதான், 2024க்கும் அதேதான்.

நடைமுறையில் ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். 'புலி', 'பயங்கரவாதி' என்ற சொற்களை இங்கே வாழ்கிற ஒருவர்மீது எழுதுவதும், வெளிநாட்டில் இருக்கிறவர்மீது எழுதுவதும் ஒன்றல்ல. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. 2021 மே 18 அன்று கிரான் கடற்கரையில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் செய்த பத்துப் பேரை அந்தச் சட்டத்தில்தான் பிடித்தார்கள். இன, மத வெறுப்பைத் தூண்டினதாகச் சொல்ல 2007இன் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாய) சட்டம் இருக்கிறது. 2024இல் இணையப் பதிவுகளுக்கென்று நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்துவிட்டது. ஆகவே ஒருவரைப் புலி என்று வாதத்துக்காக எழுதுகிறவர், தான் எழுதுவது முறைப்பாட்டின் முதல் வரியாகலாம் என்று தெரிந்து எழுத வேண்டும். அப்படிப்பட்ட பதிவுக்கு மட்டும் நான் வினை கேட்டுக் காத்திருப்பதில்லை. உடனே அழித்துவிட்டு, எழுதினவருக்குப் போன் எடுப்பேன். போனில் முக்கால்வாசிப் பேர் தணிந்துவிடுவார்கள்; குரலுக்கு முன்னால் முத்திரை குத்த ஆட்களுக்குக் கூச்சம்.

உங்கள்மேலேயே முத்திரை விழுந்தால்? 'நான் அப்படியில்லை' என்று நிரூபிக்கப் போகாதீர்கள், அதற்கு முடிவே இல்லை. எந்த வரியை வைத்துச் சொல்கிறீர்கள் என்று ஒரு முறை எல்லார் முன்னும் கேளுங்கள். வரியைக் காட்டினால் அந்த வரிக்குப் பதில் சொல்லுங்கள். காட்டாவிட்டால் விட்டுவிடுங்கள், பார்க்கிறவர்களுக்கு விளங்கும். என்னை இரண்டு பக்கமும் முத்திரை குத்தியிருக்கிறார்கள். முஸ்லிம்களுக்கு வக்காலத்து என்று ஒரு பக்கம், தமிழ்த் தேசிய டீச்சர் என்று மறுபக்கம். இரண்டாவதை நான் மறுக்கப் போவதில்லை. அந்தப் பெயர் எனக்கே சம்மதம். தான் ஒப்புக்கொள்கிற பெயரால் ஒருவரை அழைத்துவிட்டு வாதத்தைத் தொடங்குவதில் யாருக்கும் நட்டமில்லை.

இறந்தவர்களுக்கு இந்த விதி எப்படிப் பொருந்தும் என்று காத்தான்குடி நண்பர் போன கிழமை கேட்டிருக்கிறார். அவர்களால் பதில் சொல்ல முடியாதே, ஆகவே முத்திரைக்கு ஆதாரம் இரட்டிப்பாக வேண்டும் என்பது அவர் கட்சி. இறந்துவிட்டார்கள் என்பதற்காகச் சலுகை கொடுத்தால் வரலாறே எழுத முடியாது என்பது சுவிஸ் அண்ணனின் கட்சி. இந்த முறை ஒருவரும் ஒருவரையும் ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. வாதம் ஓடிக்கொண்டிருக்கிறது, நானும் இன்னும் ஒரு பக்கம் சாயவில்லை.